ராயபுரத்தில் இருந்தபடியே ஒரு பிரெஞ்சுச் சிற்றூரின் வரலாற்றை வாசிப்பது எப்படி?

என் அக்கா மகள் புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள கணவரோடு பிரான்சுக்குப் போனவள், பர்கண்டிப் பகுதியின் கோத்-தோர் மாவட்டத்தில், முந்நூறு பேருக்கும் குறைவாக வாழும் ஒரு சிற்றூரில் பழைய கல்வீடு ஒன்றை வாங்கிக் குடியேறியிருக்கிறாள். குடிபோன சில நாள்களில், தெருவாசலின் மேல்கல்லில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, அதன் அடியில் தெரிந்ததைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். “மாமா, வாசக்கால் மேல ஏதோ செதுக்கியிருக்கு, என்னன்னு பாருங்க” என்று கேட்டிருந்தாள். கல்லில் 1786 என்ற ஆண்டும் இரண்டு எழுத்துகளும் இருந்தன. எழுத்துகளுக்கு நடுவே, அரிவாளைப் போல வளைந்த, ஆனால் அரிவாளைவிடச் சிறிய ஒரு கருவி செதுக்கப்பட்டிருந்தது.

அந்தக் கல்லைப் புரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. ராயபுரத்து வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, அரைகுறையான பிரெஞ்சு அறிவோடு, அந்த ஊரின் முந்நூறு ஆண்டு வரலாற்றில் கணிசமான பகுதியை வாசிக்க முடிந்தது. வடசென்னையிலும் புதுச்சேரியிலும் பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் வாழும் ஊர் எப்படிப்பட்டது என்று தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்கும், ஊர் வரலாற்றில் பற்றுள்ள மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, நான் சென்ற வழியை இங்கே எழுதுகிறேன். எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் வழி ஏறத்தாழ இதுவே.

முதலில் ‘கம்யூன்’ என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சில் நிர்வாகத்தின் கடைசி அலகு அதுதான். ஏறத்தாழ 35,000 கம்யூன்கள் இருக்கின்றன; அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் 500 பேர்கூடக் கிடையாது. புரட்சி வெடித்த ஆண்டில், 1789 டிசம்பர் 14 அன்று நிறைவேறிய சட்டம், அதுவரை கோயில் பங்குகளாக, அதாவது ஒரு தேவாலயக் குருவின் பொறுப்பில் இருந்த பிரிவுகளாக, இருந்த ஊர்களை உள்ளாட்சிகளாக மாற்றியது. எவ்வளவு சிறிய ஊரானாலும் அதற்கு ஒரு மேயரும், ‘மேரி’ என்னும் ஊர் அலுவலகமும் உண்டு. புதுச்சேரிக் கடற்கரையில் 2014-இல் இடிந்து விழுந்து, பிறகு அதே வடிவில் மீண்டும் எழுப்பப்பட்ட மேரிக் கட்டடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இராது. ஊரை அவ்வளவு எளிதில் கலைத்துவிடக் கூடாது என்ற எண்ணம் அங்கே மிக ஆழமானது. 1916-இல் வெர்டன் போரில் தரைமட்டமான ஊர்களுள் ஆறு, இன்று குடியிருக்க ஆளே இல்லாவிட்டாலும் கம்யூன்களாகவே நீடிக்கின்றன. அவற்றின் நினைவைக் காக்க மேயர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஊரை இப்படிப் போற்றுகிறவர்கள் ஊரின் தாள்களையும் போற்றியிருக்கிறார்கள். நம் வேலை எளிதாவதற்கு அதுவே காரணம்.

ஒரு வீட்டிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக ஊர் வரலாறு தேடுகிறவர்கள் பெரும்பாலும் தேவாலயத்திலிருந்தோ கோட்டையிலிருந்தோ தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் பிரபுக்களின் பெயர்களும் போர்களின் ஆண்டுகளும் கிடைக்கும், ஊர்மக்கள் கிடைக்கமாட்டார்கள். ஒரே ஒரு வீட்டையோ ஒரு சிறு தெருவையோ எடுத்துக்கொண்டு, அது நிற்கும் நிலத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பதுதான் என் அனுபவத்தில் உறுதியான வழி. நிலத்தைப் பற்றிய ஆவணத்தில் வரி இருந்தது. வரி இருந்த இடத்தில் அரசு கவனமாகக் கணக்கு எழுதியது.

இரண்டு வரைபடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, கசினி குடும்பத்தார் வரைந்த பிரான்ஸ் வரைபடம். நாடு முழுவதையும் முக்கோண முறையில் அளந்து, 86,400-இல் ஒன்று என்ற அளவில், ஏறத்தாழ 180 தாள்களாக 1756 முதல் வெளியிட்டார்கள். ஊரின் பெயர், தேவாலயம், காற்றாலை, நீராலை, காடு, சாலை ஆகியவை அதில் இருக்கும். அரசின் புவியியல் நிறுவனம் நடத்தும் ‘ழெயோபோர்த்தாய்’ இணையத்தளத்தில் அந்தத் தாளை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்து, ஒளிபுகும்படி மங்கலாக்கிப் பார்க்கலாம். இருநூற்றைம்பது ஆண்டுகளில் எந்தச் சாலை மாறியது, எந்தக் காடு சுருங்கியது என்பது ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும். 1950-களில் வானிலிருந்து எடுத்த படங்களும் அங்கேயே கிடைக்கின்றன, அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவதுதான் முக்கியமானது. நெப்போலியன் காலத்தில், 1807 செப்டம்பர் 15 அன்று வந்த சட்டத்தின்படி, நாட்டின் ஒவ்வொரு துண்டு நிலமும் அளக்கப்பட்டு வரையப்பட்டது. ‘கடாஸ்தர்’ என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பணி முடிய ஏறத்தாழ 1850 ஆகிவிட்டது. நம் ஊரில் நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. வரைபடம் நம் புலப்படத்தைப் போன்றது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண் வரிசைப்படி உரிமையாளர், பரப்பு, நிலத்தின் வகை ஆகியவற்றைச் சொல்லும் பதிவேடு நம் ‘அ’ பதிவேட்டைப் போன்றது. உரிமையாளர் வாரியாக அவருடைய எல்லாத் துண்டுகளையும் தொகுத்துச் சொல்லும் ‘மத்ரீஸ்’ என்ற ஏடு நம் சிட்டாவைப் போன்றது. ஒரு துண்டு கைமாறும்போது, அது யாருடைய கணக்கிலிருந்து வந்தது, யாருடைய கணக்குக்குப் போனது என்பதை மத்ரீஸில் பக்க எண்ணோடு குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவினால், ஒரு வீட்டை நூறாண்டுகள் தொடர்ந்து கையில் வைத்திருந்தவர்களின் வரிசை கிடைத்துவிடும்.

இவை மாவட்ட ஆவணக்காப்பகத்தில் இருக்கும். 1796-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படிப்பட்ட காப்பகம் ஒன்று நிறுவப்பட்டது. இன்று பெரும்பாலான காப்பகங்கள் வரைபடங்களையும் பதிவேடுகளையும் படமெடுத்து இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. மாவட்டத்தின் பெயரோடு ‘அர்ஷீவ் தெபார்த்தமந்தால்’ என்பதை பிரெஞ்சு எழுத்தில் இட்டுத் தேடினால் போதும். இலவசமாகக் கிடைப்பதையே விலைக்குத் தரும் தளங்களும் உண்டு. தெரியாமல் ஒன்றில் மூன்று மாதச் சந்தா கட்டிய பிறகுதான், அதே படங்கள், கோத்-தோர் மாவட்டத் தலைநகரான டிஜோனில் உள்ள காப்பகத்தின் தளத்தில் காசில்லாமல் இருப்பதைக் கண்டேன். எனவே முதலில் காப்பகத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள்.

அக்கா மகளின் வீடு, 1828-இல் வரைந்த தாளில், ஊரின் கிழக்கு ஓரத்தில் ஒரு சின்னக் கட்டமாக இருந்தது. ஆனால் என் கண்ணை இழுத்தது அதற்குப் பின்னால் இருந்த மேட்டுச் சரிவு. அந்தச் சரிவு முழுவதும் பலகையைச் சீவி வைத்தாற்போல, மிகக் குறுகிய, மிக நீண்ட துண்டுகளாகப் பிரிந்திருந்தது. அந்த இடத்தின் பெயர் ‘லே வீஞ்’, அதாவது திராட்சைத் தோட்டங்கள். பதிவேட்டில் அந்தத் துண்டுகள் எல்லாவற்றுக்கும் நேரே திராட்சை என்றே நிலவகை எழுதியிருந்தது. அக்கா மகளிடம் கேட்டேன். ஊரைச் சுற்றி எங்கேயும் ஒரு திராட்சைக் கொடிகூடக் கிடையாது, அந்தச் சரிவில் இப்போது மாடுகள் மேய்கின்றன என்றாள். அப்போதுதான் வாசற்கல்லில் இருந்த கருவி என்னவென்று விளங்கியது. அது அரிவாள் அன்று, திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யும் கத்தி. பர்கண்டியில் திராட்சை பயிரிட்டவர்கள் தங்கள் வீட்டு வாசற்கல்லில் அந்தக் கத்தியைச் செதுக்கிக்கொள்வது வழக்கமாக இருந்திருக்கிறது.

அந்தக் கொடிகள் எங்கே போயின என்பதற்குப் பொது வரலாறு விடை சொல்கிறது. 1851-இல் பாரிசிலிருந்து டிஜோன் வரை ரயில் பாதை முடிந்தது. நம் ராயபுரத்தில் ரயில் வந்ததற்கு ஐந்தாண்டுகள் முன்பு. ரயிலோடு தெற்குப் பகுதியின் மலிவான மதுவும் வடக்கே வந்தது. பிறகு, அமெரிக்காவிலிருந்து வந்த ‘ஃபில்லோக்சேரா’ என்ற வேர்ப்பூச்சி 1860-களில் தெற்கே பரவத் தொடங்கி, 1870-களின் இறுதியில் பர்கண்டியை எட்டியது. அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டினால் பூச்சி தாக்காது என்று கண்டறிந்தார்கள். புகழ்பெற்ற தோட்டங்களை வைத்திருந்தவர்கள் அந்தச் செலவைத் தாங்கினார்கள். எளிய மது செய்த மேட்டு நிலத்து ஊர்க்காரர்களில் பலருக்கு அது கட்டுப்படியாகவில்லை. மத்ரீஸ் ஏட்டில் திராட்சைத் துண்டுகள் கைமாறும் வேகத்தையும், பின்னாளைய ஏட்டில் அவற்றின் நிலவகை மேய்ச்சல் என்று மாறியிருப்பதையும் பக்கம் பக்கமாகப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

எனவே வரைபடத்தில் இருக்கும் நிலப் பெயர்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். ‘லியூ-தி’ என்று சொல்லப்படும் இந்தச் சிறு பெயர்கள், அவை குறித்த பொருள் அழிந்த பிறகும் அழிவதில்லை. வண்ணாரப்பேட்டையில் கும்பினிக்காரர்களுக்காகத் துணி வெளுத்த துறைகள் இன்று இல்லை, பெயர் இருக்கிறது. தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் தொண்டியார் என்று அழைக்கப்பட்ட குணங்குடி மஸ்தான் சாகிபு வாழ்ந்த இடமே தண்டையார்பேட்டை ஆயிற்று என்பார்கள். அங்கேயும் அப்படித்தான். சூளை, தூக்குமரம், தொழுநோயாளர் குடில், பழைய குளம் என்று ஒவ்வொரு பெயரும் ஒரு காலத்தைச் சுட்டும். ஊர்ப்பெயரையும் பாருங்கள். ‘-அக்’ அல்லது ‘-ஈ’ என்று முடியும் பல பெயர்கள் ரோமானியர் காலத்து நில உரிமையாளரின் பெயரிலிருந்து வந்தவை. ‘-வீல்’, ‘-கூர்’ என்று முடிபவை பெரும்பாலும் அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. நாம் கத்திவாக்கம், புரசைவாக்கம் என்ற பெயர்களின் ஈற்றைக் கொண்டு ஊரின் பழமையை ஊகிப்பது போன்றதே இது.

பெயர்களைப் பதிவேட்டில் தேடுதல்

நிலத்தில் ஒரு பெயர் கிடைத்ததும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளுக்குப் போக வேண்டும். முதலாம் பிரான்சுவா மன்னர் 1539-இல் வில்லேர்-கொத்தரே என்ற இடத்தில் பிறப்பித்த ஆணை, பங்குக் குருமார்கள் ஞானஸ்நானங்களைப் பதிய வேண்டும் என்றது. 1579-இல் திருமணமும் அடக்கமும் சேர்ந்தன. 1667-இல் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இரண்டு படிகள் எழுத வேண்டும் என்று விதித்தார்கள். ஒன்று எரிந்துபோனாலும் மற்றொன்று பிழைத்திருக்கும். 1792 செப்டம்பர் 20 முதல் இந்தப் பொறுப்பு குருவிடமிருந்து மேரிக்கு மாறியது. அதன் பிறகான பதிவைப் புதுச்சேரிக்காரர்கள் அறிந்த ‘எத்தா சிவில்’ என்ற பெயரால் தேட வேண்டும். பிறப்பும் திருமணமும் 75 ஆண்டுகளுக்குப் பிறகு எல்லாரும் பார்க்கும்படி திறக்கப்படும்; இறப்புப் பதிவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளின் பழைய படிகளைக்கூட எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் ஆவணக்காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் தங்கள் முன்னோரையும் இதே முறையில் தேடலாம்.

பதிவேடு முழுவதையும் புரட்டத் தேவையில்லை. 1792-க்குப் பிறகு பத்தாண்டுக்கு ஒரு முறை அகர வரிசைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்திருக்கிறார்கள். முதலில் அதைத் திறந்து பெயரையும் நாளையும் குறித்துக்கொண்டு, பிறகு உரிய பக்கத்துக்குப் போங்கள். திருமணப் பதிவே மிகுந்த செய்தி தருவது. மணமக்களின் வயது, பிறந்த ஊர், தொழில், பெற்றோர், சாட்சிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும்.

கையெழுத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். திருவொற்றியூர்க் கோயில் சுவரில் கல்வெட்டு வாசிக்கப் பழகியவர்கள், ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கி, மெய்க்கீர்த்தி வந்து, அரசரின் ஆட்சியாண்டு வந்து, அதன் பிறகுதான் செய்தி வரும் என்று அறிவார்கள். வாய்பாடு தெரிந்துவிட்டால், சிதைந்த எழுத்தும் தானே பிடிபடும். பிரெஞ்சுப் பதிவும் அப்படிப்பட்டதே. ‘இத்தனையாம் ஆண்டு, இன்ன மாதம், இத்தனையாம் நாள்’ என்று எழுத்தால் தொடங்கி, பெயர், தந்தை, தொழில், தாய், ஞானப் பெற்றோர், கையெழுத்து என்று ஒரே வரிசையில் செல்லும். பத்துப் பதிவுகளை எழுத்துக்கு எழுத்து நோட்டில் பெயர்த்தெழுதுங்கள். பதினோராவதிலிருந்து கண் பழகிவிடும். பழைய நீள ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலத் தோன்றும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நாள் குறிப்பில் இரண்டு கண்ணிகள் உண்டு. மாதப் பெயருக்குப் பதிலாக ‘7’ என்ற எண்ணையும் ‘ப்ர்’ என்ற ஈற்றையும் எழுதியிருப்பார்கள். அதை ஏழாம் மாதமாகிய ஜூலை என்று எடுத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் கணக்கையே நான் குழப்பிவிட்டேன்; தங்கை அக்காவுக்கு முன்னால் பிறந்தவளாகத் தெரிந்த பிறகுதான் பிழை புலப்பட்டது. ‘செத்’ என்றால் ஏழு. எனவே அது செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். மற்றொரு கண்ணி, புரட்சியாளர்கள் புகுத்திய குடியரசு நாள்காட்டி. 1792 செப்டம்பர் 22-ஐ முதல் நாளாகக் கொண்டு, முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்களும் ஆண்டின் கடைசியில் சில கூடுதல் நாள்களும் வைத்து, மாதங்களுக்குப் புதுப் பெயர்களும் சூட்டினார்கள். இரண்டாம் ஆண்டு தெர்மிதோர் 9 என்றால் 1794 ஜூலை 27. 1805 இறுதி வரை இது நடப்பில் இருந்தது. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன; மனக்கணக்குப் போடாதீர்கள்.

தொழிற்சொற்களில் தனிக் கவனம் வேண்டும். ‘லபூரேர்’ என்றால் சொந்த ஏரும் மாடும் வைத்திருக்கும் உழவர், ஊரில் மதிப்புள்ளவர். ‘மனூவ்ரியே’, ‘ழூர்னலியே’ என்பவை நாள்கூலிக்காரரைக் குறிக்கும். ‘வீஞெரோன்’ திராட்சை பயிரிடுபவர், ‘திஸ்ஸெரான்’ நெசவாளர், ‘சபோத்தியே’ மரக்காலணி செய்பவர். எல்லாவற்றையும் ‘விவசாயி’ என்று மொழிபெயர்த்துவிட்டால் ஊருக்குள் இருந்த மேடு பள்ளம் மறைந்துவிடும்.

1828-இல் வீட்டை வைத்திருந்தவரின் இறப்புப் பதிவிலிருந்து அவருடைய பெற்றோரை அறிந்து, அவர்களுடைய திருமணத்தைத் தேடிப் போனேன். 1785 நவம்பரில் அது நடந்திருந்தது. மணமகன் வீஞெரோன், அவருடைய குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மணமகளுடைய குடும்பப் பெயரின் முதலெழுத்தும் வாசற்கல்லில் இருந்த அந்த இரண்டு எழுத்துகளே. மணமான மறு ஆண்டு வீடு கட்டியிருக்கிறார்கள். பதிவின் அடியில் மணமகன் தட்டுத் தடுமாறி, மை சிதறக் கையெழுத்திட்டிருக்கிறார். மணமகளுக்குக் கையெழுத்திடத் தெரியாது என்று குருவானவர் எழுதியிருக்கிறார். தன் பெயரை எழுதத் தெரியாத அந்தப் பெண்ணின் பெயரெழுத்து அவர் வீட்டுக் கல்லில் இருநூற்றுமுப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது என்பதை அக்கா மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. திருவொற்றியூரில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் கருவறையைக் கல்லால் எழுப்பிய வீரசோழத் தச்சனின் பெயரைக் கல்வெட்டில் வாசிக்கும்போதும் எனக்கு இப்படித்தான் இருக்கும்.

தனி மனிதர்களைத் தேடும்போதே ஆண்டுவாரியாக அடக்கங்களையும் எண்ணிவையுங்கள். கடுங்குளிரில் விதையெல்லாம் கருகிய 1709-ஆம் ஆண்டை ஒட்டியும், அதற்கு முன் 1693, 1694 பஞ்ச ஆண்டுகளிலும் பல ஊர்களில் அடக்கப் பதிவுகள் திடீரென்று பெருகி, ஞானஸ்நானங்கள் குறையும். அரசர்களின் வரலாற்றில் ஒரு வரியாக வரும் பஞ்சம், ஊர்ப் பதிவேட்டில் பெயர் பெயராக நிற்கும்.

தொகைக் கணக்கு, உப்பு, குறைகேட்பு

1836 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் வீடு வாரியாகப் பெயர், வயது, தொழில் இருக்கும். இதையும் காப்பகத் தளத்திலேயே பார்க்கலாம். மொத்தத் தொகையை மட்டும் அறிய, கசினி வரைபடத்து ஊர்களைப் பற்றிப் பாரிசின் சமூக அறிவியல் உயர்கல்வி நிறுவனம் வைத்திருக்கும் தளத்தில் 1793 முதல் வரிசையாகக் கிடைக்கும். பெரும்பாலான உழவர் ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொகை உச்சத்தை எட்டி, பிறகு இறங்கிக்கொண்டே வரும். நம் வடசென்னை போன்று ஆண்டுக்கு ஆண்டு பெருகிய இடத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த இறங்குமுகத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளவே சற்று நேரம் ஆகும்.

1789 மே 5 அன்று வெர்சாயில் கூடிய பேரவைக்காக, அதற்கு முந்தைய வாரங்களில், ஊர்மக்கள் ஒன்றுகூடித் தங்கள் குறைகளை எழுதி அனுப்பினார்கள். ‘கயே தெ தொலேயான்ஸ்’ என்னும் இந்த ஏடு உங்கள் ஊருக்குத் தப்பிப் பிழைத்திருந்தால், வேறு எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படித்துவிடுங்கள். உழவர்களின் குரல் தாளில் ஏறிய அரிய இடம் அது. உப்பு வரியாகிய ‘கபேல்’ அவற்றில் ஓயாமல் வரும். பர்கண்டி, வரி மிகக் கூடுதலாக இருந்த பகுதியைச் சேர்ந்தது. வீட்டுக்கு இவ்வளவு உப்பு வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இருந்தது. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் உப்பளங்களைப் பார்த்து, சால்ட் கோட்டர்ஸ் என்ற பெயரைக் கேட்டு வளர்ந்த நமக்கு, உப்புக்கு வரி போட்ட அரசின் மேல் எழும் கோபத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கண்ணால் பார்க்க வேண்டியவை

இதுவரை சொன்னவை எல்லாம் ராயபுரத்திலிருந்து முடியும். இனிச் சொல்பவற்றுக்கு ஊரில் இருப்பவர் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். அக்கா மகளுக்கு நான் ஒரு நேரத்துக்கு ஓர் இடம் மட்டுமே சொல்வேன். அவள் பார்த்துவிட்டுப் படம் அனுப்புவாள்.

தேவாலயத்தின் மணியில் வார்ப்பு ஆண்டும் ஞானப் பெற்றோரின் பெயர்களும் பொறித்திருப்பது வழக்கம். 1793-இல் பீரங்கி வார்க்க ஊருக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்ற மணிகளை எடுத்துக்கொண்டார்கள் என்பதால், பழைய மணி ஒன்று மட்டும் இருந்தால் வியக்க வேண்டாம். 1905 டிசம்பர் 9-இன் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தது முதல், அதற்கு முன் கட்டப்பட்ட பங்குத் தேவாலயங்கள் கம்யூனுக்கே உடைமை. எனவே சாவிக்கும் அனுமதிக்கும் மேரியைத்தான் கேட்க வேண்டும். கட்டடம் பாதுகாக்கப்பட்டதா என்பதைப் பண்பாட்டு அமைச்சகத்தின் ‘மெரிமே’ தரவுத்தளத்தில் பார்க்கலாம்.

மேரியும் பள்ளியும் ஒரே கட்டடமாக இருந்தால், அது பெரும்பாலும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி வந்த 1881, 1882-ஐ ஒட்டிய காலத்தது. ஆசிரியரே மேரியின் எழுத்தராகவும் இருந்த ஊர்கள் மிகப் பல. 1889, 1900 ஆண்டுகளின் பாரிஸ் கண்காட்சிகளை ஒட்டிப் பல மாவட்டங்களின் ஆசிரியர்கள் தங்கள் ஊரைப் பற்றிக் கையால் ஒரு நூல் எழுதிக் கொடுத்தார்கள். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது போல. ஆனால் அவர்கள் சொல்லும் பழங்கதைகளை மட்டும் சரிபாருங்கள். நம் ஊர்க் கோயில்களுக்கெல்லாம் ஒரு சுரங்கப்பாதைக் கதை இருப்பது போல, அங்கே பல ஊர்களுக்குத் தெம்ப்ளர் வீரத்துறவிகளின் கதை ஒன்று இருக்கும். அதைக் கதை என்று குறித்து எழுதிவையுங்கள், விட்டுவிடக் கூடாது.

ஊற்றுக்கு அருகே கூரை வேய்ந்த கல்தொட்டி ஒன்று இருக்கும். ‘லவ்வார்’ எனப்படும் அது ஊரின் வண்ணாந்துறை. 1851 பிப்ரவரியில் வந்த சட்டம், துப்புரவுக்காக இவற்றைக் கட்ட அரசு பணம் தரும் என்றது. பெண்கள் மண்டியிட்டுத் துவைத்த சாய்வுக் கற்களில் விளிம்பு தேய்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும் என்று அக்கா மகள் சொன்னாள்.

போர் நினைவுச் சின்னத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு, பெரும்பாலும் 1919 முதல் 1925 வரை, ஏறத்தாழ எல்லாக் கம்யூன்களிலும் இறந்தோர் பெயர்களைப் பொறித்து ஒரு தூண் எழுப்பினார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட அதே போரில்தான் அந்த நாடு பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. நவம்பர் 11 காலையில் ஊரார் அங்கே கூடுவார்கள். அக்கா மகள் போனாள். மேயர் ஒவ்வொரு பெயராகப் படிக்க, கூடியிருந்தவர்கள் ‘மோர் பூர் லா ஃப்ரான்ஸ்’, பிரான்சுக்காக மடிந்தார் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். பதினேழு பெயர்களில் மூன்றுக்கு ஒரே குடும்பப் பெயர். பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மெமுவார் தேசோம்’ தளத்தில் அந்தப் பெயர்களை இட்டுத் தேடினோம். பிறந்த ஊர், படைப்பிரிவு, இறந்த இடம், நாள் எல்லாம் ஒரு சிறு அட்டையில் இருந்தன. மூவரும் அண்ணன் தம்பிகள். வாசற்கல்லில் பெயரெழுத்தைச் செதுக்கியவருடைய கொள்ளுப்பேரன்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் முதியவர்களோடு பழக்கம் தொடங்கியது. வெறுங்கையோடு போய்ப் பழைய கதை சொல்லுங்கள் என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. ஏறத்தாழ 1900 முதல் முதல் உலகப் போர் வரை ஊர்தோறும் அஞ்சலட்டைப் படங்கள் அச்சிட்டார்கள். அவற்றில் இரண்டை வாங்கியோ, தேசிய நூலகத்தின் ‘காலிக்கா’ தளத்தில் தேடியோ அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். இந்தக் கடை யாருடையது, இந்த மரம் எப்போது விழுந்தது என்று அவர்களே தொடங்கிவிடுவார்கள். சொன்னதை அன்றிரவே, சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதிவையுங்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய செய்தியை அவர்கள் இசைவில்லாமல் எங்கும் வெளியிடக் கூடாது.

மேரி சிற்றூர்களில் வாரத்தில் சில மணி நேரமே திறந்திருக்கும். என்ன ஆவணம் வேண்டும், எந்த ஆண்டு என்பதைக் குறிப்பிட்டு, பிரெஞ்சில் மரியாதையாக ஒரு பக்கக் கடிதம் முன்கூட்டியே அனுப்பினால், எழுத்தர் எடுத்துவைத்திருப்பார்.

இணையத்தில் கிடைக்காத பெருஞ்செல்வம் நோத்தேர்களின் ஏடுகள். நம் சார்பதிவாளர் அலுவலகமும் பத்திரம் எழுதுபவரும் ஒருவரே ஆனாற்போன்றவர் நோத்தேர். திருமண ஒப்பந்தம், விற்பனை, பாகப்பிரிவினை எல்லாம் அவரிடம் இருக்கும். ஒருவர் இறந்ததும் வீட்டில் இருந்த பானை, போர்வை, பீப்பாய், பசு என்று ஒவ்வொன்றையும் விலையோடு எழுதிய பட்டியலும் அங்கேதான் கிடைக்கும். 75 ஆண்டுகள் கடந்தவற்றைக் காப்பகத்தில் நேரில் பார்க்கலாம். 1785 திருமணத்தின் ஒப்பந்தத்தைத் தேட அக்கா மகள் வரும் கோடையில் டிஜோனுக்குப் போகிறாள். அவளுக்கு நான் எழுதி அனுப்பிய குறிப்பையே இங்கேயும் தருகிறேன். அடையாள அட்டையைக் கொண்டு போ. வாசகர் அட்டை இலவசமாகத் தருவார்கள். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உள்ளே போ. பெட்டி எண்ணை முந்தின நாளே தளத்தில் பார்த்துக் குறித்துக்கொள். ஃபிளாஷ் இல்லாமல் படமெடு. தாளை எடுக்கும் முன் பெட்டியின் எண்ணை ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு பக்கங்களை வரிசை மாறாமல் எடு. மாலையில் அனுப்பிவிடு, இங்கே இரவு எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.